அரை முழம் பத்தாத திரை

காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து பச்சைத் திரையில் விழுகிறது. உள்ளே, கட்டிலில், தையல்காரி. இன்னும் அரைமணி நேரத்தில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். வெளியே அவள் கணவர், பேனாவும் கையுமாக. முப்பது வருஷமாக வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்திலும் அவர்தான் கையெழுத்து. நர்ஸோ அவரைத் தாண்டி ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தை உள்ளே கொண்டுபோகிறாள். "நீ படுத்துக்க, நான் படிச்சுச் சொல்றேன்" என்கிறார். திரையிடுக்கில் மோதிரம் கழற்றிய கை நீள்கிறது. "கண்ணாடியும் பேனாவும் குடுங்க, போதும். நானே படிச்சுக்கறேன்." இருவருக்கும் வீட்டில் ஒரே கண்ணாடிதான். கழற்றிக் கொடுத்துவிட்டு, கண்ணுக்கு மங்கிப்போன வார்டில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். "ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேர் ஆபரேஷனப்ப கூட நின்னு பாக்கலாமாம்மா?" திரைக்குள்ளிருந்து டாக்டரின் குரல். 'தாராளமா' என்று இவர் வாய் திறப்பதற்குள் அவள் பதில் வந்துவிடுகிறது: "வேணாம் டாக்டர்." "சரிம்மா, வேணாம்னா வேணாம்." காகிதத்தில் பேனா மெதுவாக, முழுப் பெயரையும் எழுதுகிறது. பிறகு அவள் குரல், இவருக்கு மட்டும்: "ஏங்க, இந்தத் திரை அரை முழம் பத்தல. துணி மாத்தணும், கொஞ்சம் சேத்துப் புடிங்க." இரண்டு ஓரங்களையும் இழுத்துப் பிடித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். ஸ்ட்ரெச்சர்க்காரர் சக்கரம் கிறீச்சிட வந்து நிற்கிறார். "உள்ள வரலாமா சார்?" பிடியை விடாமல் இவர் சொல்கிறார்: "என்னை எதுக்குக் கேக்கறீங்க? அவங்களக் கேளுங்க."