ஏரியின் கையெழுத்து

ஏரிகளுக்குச் சட்டப்படி வாய் வந்த பிறகு, சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறவர்கள் ஆய்வேட்டில் ஏரியிடமே கையெழுத்து வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. என் தம்பி மகள் நறுமுகைக்கு வாய்த்தது எங்கள் கொக்குமேட்டு ஏரி. கரைக்கும் வீட்டுக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தாள்.

"என்னம்மா சொல்லுது?" என்றான் தம்பி.

"நம்ம வீடு இருக்கிறது அதோட இடமாம்ப்பா. காலி பண்ணாத்தான் கையெழுத்தாம்."

"சமையல்கட்டையாவது விடச் சொல்லேன்."

"கேட்டேன். அங்கதான் அதுக்கு ஆழமே அதிகமாம்."

பட்டமா வீடா என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் ஜன்னலுக்குப் போனாள்.

கார்த்திகை மழையில் ஏரியே புறப்பட்டு, வாசல் வழியாக மரியாதையாக உள்ளே வந்தது. நாங்கள் மாடிக்கு ஓடினோம். நறுமுகை மட்டும் நின்று, ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தை மேசைமேல் விரித்து, பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு ஏறி வந்தாள்.

துறைத்தலைவி அந்தப் பக்கத்துச் சேற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கையெழுத்து சரியா இருக்கு" என்றார். முதல் வகுப்பு.

ஏரி அதன்பின் திரும்பிப் போகவில்லை. பட்டத்துக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது. மாட்டத்தான் சுவர் தேடிக்கொண்டிருக்கிறோம்.