வாளுக்கு விழுந்த மாலை

"என் மேல விழாதே, அறுந்துடுவ" என்று வாள் பதறியது.

"விழுந்துதான் ஆகணும் மாப்ளே" என்றது கல்யாண மாலை.

மாப்பிள்ளையான ஜமீன்தார் வரவில்லை. அந்தக் காலத்தில் வாளை அனுப்பினாலே போதும், அதற்கு மாலை போட்டால் கல்யாணம் முடிந்தது. அதை உயரமான பலகையில் நிறுத்தியிருந்தார்கள். மணப்பெண் செங்கமலம் குள்ளம். கையில் மாலையோடு எம்பி எம்பிப் பார்த்தாள், எட்டவில்லை.

"என்னைக் கீழே போட்டா அபசகுனம்னு இவளைத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றது மாலை.

"பயமில்லையா இவளுக்கு?"

"கை நடுங்கவே இல்லையே."

போரில் வாள் எதிரே பார்த்த கைகளெல்லாம் நடுங்கியவைதான். செங்கமலம் மறுபடி எம்பினாள்.

யார் வந்தாலும் நிமிர்ந்தே நில்லு என்று சொல்லித்தான் ஜமீன்தார் அனுப்பியிருந்தார். வாள் அவள் பக்கம் சாய்ந்துகொடுத்தது.