பாலத்துக்கு அப்பால் ஒரு வளைவு

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் ஆற்றங்கரை மண்பாதையால் போவதென்று நானும் கணவர் யதுர்ஷனும் முடிவெடுத்தோம். போனில் பார்த்தால் பாதை நேராகத்தான் கிடந்தது. எங்கே மணல், எங்கே சேறு என்று அறிவதற்காகத் தெரிந்த மூன்று பேரிடம் படம் கீறித் தரச் சொன்னோம். மூவரும் பாலத்துக்கு அப்பால் ஒரே இடத்தில் பாதையை வளைத்திருந்தார்கள்.

"அதில என்ன இருக்கண்ணை?" என்று மீன் கொண்டுவரும் கிறிஸ்தோப்பர் அண்ணையிடம் கேட்டேன்.

"எதில? நேராத்தானே கீறியிருக்கிறன், தங்கச்சி," என்றார், தன் படத்தைப் பார்த்தபடியே.

எனக்கு இது நான்காம் மாதம். "போகவேண்டாமப்பா," என்றேன்.

"பேய் பிடிச்சிருக்கிறது பாதைக்கோ, உமக்கோ?" என்று யதுர்ஷன் சிரித்தார். "இஞ்ச பாரும், நான் கீறிக் காட்டுறன்."

ஒரு தாளில் அடிமட்டக் கோலை வைத்துப் பேனையை இழுத்தார். பாலத்தைத் தாண்டியதும் ஒரு அங்குலத்துக்கு மை விழவில்லை. பிறகு விழுந்தது. பேனையை வாங்கித் தாளின் ஓரத்தில் கீறிப் பார்த்தேன். நன்றாக எழுதியது.

"பாத்தீரே, ஒரே நேர்க்கோடு," என்றார்.

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு என்னுடைய ஹெல்மெற்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.