நடுத்துண்டு இல்லாத ஒட்டு

"இதுக்குப் பேரு ஒட்டா? ரம்பத்துல அறுத்த மாதிரி விழுந்து கிடக்கு, பாரு!"

கெல்வின் பிரவுஸ் தன் பூட்ஸ் காலால் அடிமரத்தை உதைத்தார். முந்தின நாள் காற்றில் அவர் தோட்டத்தில் நூற்று நாற்பது பேரி மரங்கள், பிஞ்சும் இலையுமாக, ஒட்டுக் கட்டிய இடத்திலேயே முறிந்து சாய்ந்திருந்தன.

அந்தச் செடிகளை விற்ற நாற்றுப்பண்ணைக்காரரின் மகள் லொரெடானா குனிந்து பார்த்தாள். முறிந்த இடம் வழவழவென்று இருந்தது.

நாற்றுப்பண்ணையிலேயே வளர்ந்தவளுக்கு யார் சொல்ல வேண்டும்? வில்லியம்ஸ் ரகப் பேரியும், அடியில் வேருக்காக வைக்கிற க்வின்ஸ் செடியும் நேராகச் சேராது. இரண்டோடும் ஒத்துப்போகிற வேறொரு பேரியின் துண்டை நடுவில் வைத்துத்தான் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சேர்ந்த மாதிரியே வளரும், காய்க்கவும் காய்க்கும். ஒருநாள் காற்றில் கழன்று விழும்.

இங்கே நடுத்துண்டே இல்லை.

"எந்தப் புண்ணியவான் கட்டுனது?" என்றார் கெல்வின்.

அப்பா ஒட்டாவியோ தொப்பியைக் கழற்றினார். "நான்தான் கெல்வின். என் தப்பு. அத்தனைக்கும் புதுச் செடி தர்றேன்."

"அது காய்க்கிறதுக்குள்ள நான் இருப்பேனாய்யா? உன்னை நம்பினேன் பாரு!"

ஷெப்பர்ட்டனில் இருக்கும் தங்கள் பண்ணைக்குக் காரில் திரும்பும் வழியில் லொரெடானா வெடித்தாள்.

"எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானேப்பா! நீங்களே மறந்தா எப்படி?"

"கவனம் எங்கேயோ இருந்திருக்கும்மா. வயசாச்சு."

"நாளைக்கு ஊர் பூரா சிரிக்கும். யாரு நம்மகிட்ட செடி வாங்குவா?"

அவர் கழற்றிய தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"போதும்ப்பா. இனிமே நீங்க ஒட்டுக் கட்ட வேண்டாம். கத்தியைக் கொடுங்க."

அவர் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். கால்சட்டையில் துடைத்தார். அவள் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பண்ணைக்கு வந்ததும் அவர் மட்டும் முதலில் கொட்டகைக்குள் போனார். பெசிமிடம் ஏதோ சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். முப்பது வருஷமாக அங்கே வேலை செய்கிறவர் பெசிம்.

லொரெடானா கத்தியை மேஜை மேல் போட்டாள்.

"பெசிம் அண்ணா, இனிமே அப்பாவை இந்த மேஜைப் பக்கம் விடாதீங்க. கைக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லாமப் போச்சு அவருக்கு."

பெசிம் அவளையே பார்த்தார்.

"எப்போ நட்ட மரம் லோரி?"

"ஏழு வருஷம் ஆகுது. ஒட்டுக் கட்டினது அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி."

"அந்தக் குளிர்காலம் ஞாபகம் இருக்கா உனக்கு?"

அவள் முகம் மாறியது. "அதை ஏன் இப்போ? எனக்கு எதுவும் ஞாபகமில்லை. ஞாபகம் வர வேண்டாம்."

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு இப்பத்தான் உங்கப்பா என் கையைப் பிடிச்சுக் கெஞ்சிட்டுப் போறார்." பெசிம் கத்தியை எடுத்து, மடக்கி, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அந்த ஜூலைக் குளிர்ல அவருக்கு மணிக்கட்டு உடைஞ்சு மாவுக்கட்டு போட்டிருந்துச்சும்மா. கத்தியே பிடிக்கலை. அத்தனை ஒட்டும் கட்டினது நீதான்... உன் குழந்தையைப் புதைச்சுட்டு வந்த மூணாம் நாள், யார் சொல்லியும் கேக்காம வந்து உக்கார்ந்து."