மைனாவின் இடப்பக்கம்

“நீ பேசுவியாம்மா?” என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். அக்கா கணவர் அன்வர் மச்சான் சிரித்தார். “உள்ளேன் ஐயான்னு சொல்ல வெக்கப்பட்டே ஸ்கூலை விட்ட ஆளு சார் இது.”

ஏரிக்கரையில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் எங்கள் குதிரை மைனாவுக்கு இடது கண்ணில் முள் கீறிவிட்டது. அந்தப் பக்கம் போகும்போது குரல் கொடுத்துக்கொண்டே போகவேண்டும், இல்லாவிட்டால் மிரண்டு உதைக்கும் என்றார் டாக்டர். கண் தேறாவிட்டால் விற்றுவிடுவதாக மச்சான் சொன்னார். “ஒத்தக்கண்ணுக் குதிரையில எவன் பிள்ளைய ஏத்துவான்?”

முதல் நாள் என்ன பேசுவதென்று தெரியாமல், எதைத் தொடங்கும்போதும் சொல்லும் பிஸ்மியைச் சொன்னேன். பிறகு அக்கா குழம்பைத் தீயவிட்டதைச் சொன்னேன். மைனா காதை என் பக்கம் திருப்பியது. கன்னத்தைத் தடவித் தடவிச் சொட்டு மருந்து விட்டேன்.

ஆனாலும் கண்ணில் வெள்ளை படர்ந்தது. இனிப் பார்வை வராது, புண் ஆறும்வரை மருந்தை மட்டும் விடுங்கள் என்றார் டாக்டர். மறுநாள் காலையும் மருந்தோடு போனேன்.

“மச்சான் உன்ன விக்க மாட்டாரு, மைனா. வாய்தான் அப்படி. நேத்து உன் பிடரியில முகத்த வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னாரு. யாரும் பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு.”

திரும்பினால் மச்சான் நின்றிருந்தார். கையில் புதுக் கயிறு. வெளியே குதிரைத் தரகரின் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. என்னைச் சீண்டாமல் அவர் ஒருநாளும் நகர்ந்ததில்லை. அன்று கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு, தரகரைத் திருப்பி அனுப்ப வெளியே போனார்.