மச்சாளின் சிவப்பு நகம்

அசிட்டோனில் நனைத்த பஞ்சை மச்சாளின் சின்ன விரல் நகத்தில் வைத்து, வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். குசினியில் அடுப்பு எரிந்தது. அசிட்டோனுக்கு நெருப்பு ஆகாது என்று முன் யன்னலடியில் கதிரை போட்டு இருந்தோம்.

வேலிக்கு அங்கால் இருந்து புஷ்பவதி அன்ரி எட்டிப் பார்த்தா.

“என்ன தர்சிகா, மச்சாளின்ர பத்து விரலுக்கும் தொப்பி போட்டிருக்கு?”

“ஜெல் கழட்டுறன் அன்ரி.”

“கழட்டிப்போட்டுத் திரும்பவும் அதே சிவப்போ?” என்றவ, மச்சாளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா. “புருசன் போய் ரெண்டு வருசம் ஆகேல்ல. கோயிலுக்கும் அந்தக் கையோட வந்தவ. சனம் கதைக்குது, நான் இல்லை.”

மச்சாள் சிரித்தா. “சனத்தையும் வரச் சொல்லுங்கோ அன்ரி. ஒரு கை பூசிவிடுவம்.”

எனக்குத்தான் முகம் சுட்டது.

சிவாஜினி மச்சாள் என்ர இவரின் அக்கா. எங்களோடதான் இருக்கிறா. டவுணில் தையல் கடை வைத்திருக்கிறா. அளவெடுக்கிற கை, வருகிற எல்லாரின் கண்ணிலும் படும்.

நகத்துக்கு ஜெல் பூசுகிற சாமானும், அதைக் காயவைக்கிற லைட்டும் வாங்கினது நான். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே ஒரு தொழில் செய்யலாம் என்று ஆசை. போனைப் பார்த்துப் பார்த்து முதல் என்ர நகத்துக்குத்தான் பூசினேன். தடிப்பாய்ப் பூசி, தோலிலெல்லாம் பட்டுவிட்டது. ஒரு கிழமை ஒரே கடி, சொறிச்சல். பொறுக்காமல் உரித்தேன், நகமும் சேர்ந்து உரிந்தது.

துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த இவர் பார்த்துவிட்டு, “தேங்காய் திருவிற பலகையில கைய வைச்சனீரோ?” என்று கேட்டார்.

மற்ற ஆக்களிடம் போய், ‘உங்கட கையைத் தாங்கோ, பழகப்போறன்’ என்று கேட்க எனக்கு வாய் வராது. லைட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த ஞாயிறு மச்சாள் வந்து கையை நீட்டினா.

“எனக்குப் பூசிவிடு. நல்ல சிவப்பாப் பூசு.”

“சிவப்போ மச்சாள்?”

“ஓம். ஏன், எனக்கு ஆசை இருக்கப்படாதோ?”

இன்றைக்குக் கழட்டுகிறது ஆறாவது தரம். பூசி இரண்டு கிழமை போனால், “இந்த விரல் வடிவில்லை, கழட்டிப்போட்டுத் திரும்பப் போடு” என்பா. கையை லைட்டுக்குள் வைக்கிற நேரம், “சுடுதோ மச்சாள்?” என்று கேட்பேன். “இல்லை” என்பா. கால் பெருவிரல் மட்டும் மடங்கும்.

அலங்காரத்தில் இவ்வளவு ஆசையோ என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். போன வெள்ளி கோயிலுக்குப் போனபோது, சனம் பார்க்குது என்று அவவை விட்டு இரண்டடி தள்ளித்தான் நடந்தேன்.

பதினைந்து நிமிடம் போனது. தாளைக் கழட்டினேன். இப்போது நான் சுரண்டுவதில்லை. மரக்குச்சியால் மெல்லத் தள்ள, ஊறவைத்த கச்சான் கடலைத் தோல் மாதிரிச் சிவப்புக் கழன்றது. மச்சாள் கை கழுவக் கிணற்றடிக்குப் போனா.

வேலிப் படலை திறந்து ஒரு பிள்ளை உள்ளே வந்தாள்.

“தர்சிகா அக்கா நீங்களோ? நான் கீர்த்தனி. வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். ரெண்டு கையும் நீங்கள்தான் செய்துதர வேணும்.”

கையிலிருந்த மரக்குச்சியைக் கீழே வைத்தேன்.

“நான் வெளி ஆக்களுக்குச் செய்தது இல்லை தங்கச்சி. கல்யாணக் கை. ஏதும் வீங்கிச்செண்டால்...”

“சிவாஜினி அக்காவின்ர கையைப் பாத்திட்டுத்தானே வந்தனான். அவவிட்டத்தான் நான் தையல் பழகினனான். ஒருநாள் கேட்டன், ஏனக்கா உந்தச் சிவப்பு, சனம் ஒரு மாதிரிக் கதைக்குதே எண்டு.”

“என்ன சொன்னவ?”

“‘உனக்கு முதல் நாள் வெள்ளைத் துணியும் சிவப்பு நூலும் ஏன் தந்தனான்? வெள்ளை நூலெண்டால் கோணல் தெரியாது. தம்பியின்ர மனிசியும் இப்பதான் பழகுறாள். சிவப்பெண்டால்தான் தோலில பட்டது அவளுக்குத் தெரியும்’ எண்டவ.”

கழன்று கிடந்த சிவப்புத் துண்டுகளைப் பார்த்தேன்.

“முதல் ரெண்டு தரமும் விரலெல்லாம் கடிச்சு, ஊசி பிடிக்க ஏலாமல் இருந்தவ அக்கா. நாங்கள்தான் கடையில தைச்சனாங்கள். ‘அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பயந்து விட்டிடுவாள்’ எண்டவ...” கீர்த்தனி சட்டென்று வாயைப் பொத்தினாள். “ஐயோ, சொல்லிப்போட்டன்!”

அவளை உள்ளே மேசையடியில் இருத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன்.

மச்சாள் கை துடைத்து, விரலுக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு நின்றா. பத்து நகமும் வெறுமையாய் இருந்தன.

“கீர்த்தனி வந்திட்டாளோ? எனக்கு இனிப் பூச வேண்டாம் தர்சிகா. போன தரம் ஒரு பொட்டும் தோலில படேல்ல. உந்தச் சிவப்பைக் கண்டாலே எனக்குத் தலை சுத்துது.”

நான் அந்த எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

“மச்சாள், அண்டைக்குக் கோயிலில நான் உங்களை விட்டு ரெண்டடி...”

“தர்சிகா அக்கா!” உள்ளேயிருந்து கீர்த்தனி கூப்பிட்டாள். “எனக்கும் அந்தச் சிவப்புத்தான், கெதியா வாங்கோ!”