பூட்டாத ஜொயின்ட்

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரை கராஜ்காரன் ஜீவராஜைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன். எங்கள் கடையின் பழைய பிக்கப்பில் ஸ்டியரிங் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் ஜொயின்ட் தேய்ந்துபோய், மாற்றச் சொல்லி அவனிடம் விட்டிருந்தேன். கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு அக்கா" என்பான். இன்று காலை போனால் கராஜ் வாசலில் வண்டி நிற்கிறது, ஆளைக் காணோம். வேலை முடிந்தது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா? என்னிடமிருந்த சாவியால் எடுத்து, மாவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஸ்டியரிங் முன்பைவிட லேசாக இருந்தது. மூடுபனிக்குள் ஒரு வளைவில் பஸ் எதிரே வந்தபோது, நான் ஸ்டியரிங்கை ஒடிக்கும் முன்பே வண்டி ஒதுங்கியது.

மூட்டைகளை இறக்கி முடித்ததும் ஜீவராஜிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, வண்டிய யாரு எடுத்தது?"

"நாந்தான். என் வண்டிய எடுக்க ஒன்கிட்ட கேக்கணுமா? இழுத்தடிச்சதும் இல்லாம விசாரணை வேறயா?"

"ஐயோ, ஜொயின்ட் இன்னும் பூட்டலக்கா. பழசு என் கையில இருக்கு. புதுசு வாங்கத்தான் பார்ட்ஸ் கடைக்கு வந்தேன்."

"பொய் சொல்லாத. அப்ப இத்தன வளைவையும் எத வச்சு ஒடிச்சேன்?"

பொனட்டைத் திறந்தேன். ஸ்டியரிங்கிலிருந்து வந்த கம்பி பாதியில் நின்றது. சக்கரத்துக்குப் போகும் கம்பி ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

"அத அங்கேயே போட்டுட்டு பஸ்ஸுல வாங்கக்கா."

வந்த ஆத்திரத்தில் பொனட்டை அறைந்து சாத்தினேன். சாவி என் கையில் இருந்தது. வண்டிக்குள் யாருமில்லை. நான் நேராக விட்டிருந்த முன்சக்கரங்கள், சரளைக்கற்களை நெரித்தபடி, மெதுவாக ஹட்டன் ரோட்டுப் பக்கம் திரும்பின.